கழுத்தளவுக் கோடு

எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோட்டை அழித்தவள் நான்தான். யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை. தேங்காய் நாரையும் பிளீச்சிங் பவுடரையும் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதுக் கையால், ஒரு முழுப் பகல் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். அதற்காக அம்மா என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் வேறு கொடுத்தாள். என் வாழ்க்கையில் யாரும் சொல்லாமலே நான் செய்த முதல் வீட்டுவேலை அது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் எந்த வேலையையும் யாரும் சொல்லாமல் நான் செய்ததில்லை.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் எங்களுக்கு ஒரே கட்டடம்தான், அதுவும் வாடகைக்கு. முன்பக்கம் அத்தாவின் மெத்தைக் கடை, பின்பக்கம் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு, கதவுக்குக் கீழே இரண்டு படி. கடையிலிருந்து அந்த இரண்டு படி ஏறினால் எங்கள் கூடம். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் படிகளில் ஏறி இறங்குவோம். அதனாலேயே அப்படி இரண்டு படி இருப்பது எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அந்த வருடம் நோன்பின் கடைசிப் பத்து நாள் தொடங்கும்போது மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மதியம், தொழுகைக்குப் போன அத்தா பாதி வழியிலேயே திரும்பி ஓடிவந்தார். ஏரி நிரம்பிவிட்டது, தண்ணீர் வாய்க்காலில் அடங்காமல் சாலையில் வருகிறது என்றார். கடையில் அப்போது பஞ்சு கூரை வரைக்கும் இருந்தது. சேலையூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு மெத்தை, தலையணை எல்லாம் தைத்துக் கொடுப்பதாக அத்தா ஒப்புக்கொண்டிருந்தார். அவர்கள் கொடுத்த முன்பணம் மொத்தத்தையும் போட்டு இலவம்பஞ்சு வாங்கி அடுக்கியிருந்தார். பாதி மெத்தைகள் தைத்து முடிந்திருந்தன. அவற்றைப் பரண் மேல் ஏற்றப் பார்த்தார். மூன்று ஏற்றுவதற்குள் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. அம்மா ரேஷன் கார்டையும் என்னையும் பிடித்துக்கொண்டாள். பள்ளிவாசல் மாடியில் போய் மூன்று நாள் இருந்தோம்.

மாடியில் தெருவே இருந்தது. எதிர்வீட்டு இட்லிக்கடை அக்கா, அவள் கோழி, எல்லாரும் நோன்புக் கஞ்சி குடித்தோம். எனக்கு அது விடுமுறையாகத்தான் இருந்தது. இறங்கி வந்து கடைக் கதவைத் திறந்த பிறகுதான் பயம் வந்தது.

காய்ந்த மெத்தையை அத்தா ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடப்பார். நனைந்த மெத்தையை நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அது அசையவில்லை. பரணில் ஏற்றிய மூன்றும் பரணோடு சரிந்து விழுந்திருந்தன. மெத்தைத் துணியின் சிவப்புச் சாயம் இறங்கித் தரையெல்லாம் ஓடியிருந்தது. நாலு சுவரிலும், யாரோ நூல் பிடித்துப் போட்டதுபோல, பழுப்பும் சிவப்பும் கலந்து ஒரு கோடு. அத்தா அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. பஞ்சு அடிக்கும் மெஷினைப் போய்த் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு மெத்தையின் ஓரத்தைப் பிழிந்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் கையை எடுத்தபிறகும் கொட்டியது.

அன்றைக்கு நோன்பு திறந்த பிறகு அத்தாவும் அம்மாவும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கல்யாணத்துக்கு மெத்தை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும், இரண்டுக்கும் வழியில்லை. கடைசியில் மோட்டாரைக் காயவைத்து மெஷினை விற்கத்தான் வேண்டும். மெஷின் போனால் கடை இல்லை. கடை இல்லையென்றால் அத்தா இங்கே யாருடைய கடையிலாவது கூலிக்குத் தைக்கவேண்டும், அம்மாவும் நானும் வாணியம்பாடியில் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் அத்தா. பெரியவர்கள் கொஞ்ச நாள் என்று சொன்னால் அது எவ்வளவு நாள் என்று எனக்கு அப்போதே சந்தேகம் உண்டு. அத்தாவை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. நான் நல்ல பிள்ளையாக இருந்தால் ஒருவேளை போகவேண்டியிருக்காது என்று முடிவு செய்துகொண்டேன்.

பெருநாளுக்கு நாலு நாள்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பெருநாளுக்கு முன்னால் சுவர் சுத்தமாக இருந்தாகவேண்டும். புதுத்துணி இல்லாவிட்டாலும் அம்மா பொறுத்துக்கொள்வாள், சுவரில் அழுக்கு இருந்தால் பொறுக்கமாட்டாள். அந்த வருடம் அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போய் நின்றால் பாதி நாள் அதிலேயே போய்விடும். அத்தா அழுகத் தொடங்கிய மெத்தைகளைத் தெருவில் இழுத்துப் போட்டு, பஞ்சாயத்துக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். கெட்டுப்போன பொருளை வாசலில் வைத்துக்கொண்டிருப்பது அவருக்கும் அவமானமாக இருந்தது.

நான் நாரை எடுத்தேன். வீட்டுக்குள் கோடு என் கழுத்துக்கு நேராக இருந்தது. நின்ற இடத்திலிருந்தே தேய்த்தேன். கடையில் அது என் தலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் இருந்தது. நிமிர்ந்து தேய்த்தால் அழுக்குத் தண்ணீர் கண்ணில் ஒழுகியது. அதனால் முக்காலியைப் போட்டு ஏறிக்கொண்டேன். முக்காலியை நகர்த்தி, ஏறி, தேய்த்து, இறங்கி, மறுபடி நகர்த்தி, நாலு சுவரையும் சுற்றி வருவதற்குள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோனது. அம்மா வந்து பார்த்து அழுதாள், முத்தம் கொடுத்தாள். அத்தா சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா தேச்சிருக்கம்மா" என்றார். மறுநாள் அம்மா மிச்சம் மீதி இருந்த சுண்ணாம்பைக் கரைத்து அதன்மேல் இரண்டு பூச்சும் பூசிவிட்டாள். பெருநாள் அன்று அந்தச் சாலையிலேயே பளிச்சென்று இருந்தது எங்கள் வீடுதான். எனக்கு ஒரே பெருமை. வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சுவரைக் காட்டினேன்.

பெருநாள் கழிந்து ஒரு வாரமிருக்கும். இட்லிக்கடை அக்கா காலையில் சாம்பார் வாளியோடு வந்தவள், எங்கள் கடைக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது, செவுத்துல கோடே காணோம்?"

"பெருநாளைக்கு வெள்ளையடிச்சோம்க்கா" என்றாள் அம்மா.

"அய்யோ, இப்டியா பண்ணுவீங்க! ஆபீசருங்க வூடு வூடா வந்துகினு கீறாங்க. செவுத்துல தண்ணி நின்ன கோட்டப் பாத்துதான் எழுதறாங்களாம். வூட்டுக்காச்சும் ரேஷன் கார்டு காட்டுனா குடுத்துருவாங்க. கடைக்குக் கோடு இல்லாம எப்டி எழுதுவாங்க?"

சின்னக் கடைக்காரர்களுக்கும் நிவாரணம் உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சரக்கு நாசமானதைக் காட்டவேண்டும், தண்ணீர் நின்ற அளவைக் காட்டவேண்டும். நாங்கள் சரக்கைக் குப்பை லாரியில் அனுப்பியிருந்தோம். அளவை நான் தேய்த்து எடுத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தால் சாலை முழுக்கச் சுவர்களில் கோடு அப்படியே இருந்தது. ஒரு வீட்டில் கோட்டுக்குக் கீழே மாக்கோலம் போட்டு, கோட்டின்மேல் கை படாமல் இருக்க நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். சுவரில் சாய்ந்த கோழியை அக்கா துரத்தினாள். அவ்வளவு அழுக்கும் பத்திரமாக இருந்த தெருவில் எங்கள் சுவர் மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அத்தோடு தீர்ந்திருக்கும். அத்தா வந்து கேட்டபோது அம்மா, "நான்தாங்க அடிச்சேன், எனக்குத் தோணல" என்று சொன்னாள். எல்லாம் அவள் வேலை என்பதுபோலச் சொன்னாள். அத்தா என் விரல்களைப் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வாணியம்பாடிப் பள்ளிக்கூடத்தில் என்னை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் மாமு வந்து சேர்ந்தார். மாமு என்றால் அம்மாவின் தம்பி, பெருங்களத்தூரில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். ஸ்கேல் இல்லாமல் பத்தடிக்கு நேர்கோடு போடுவார், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பழைய மொபெட் ஒன்று வைத்திருந்தார். பெயிண்ட் டப்பாக்களை அதில் கட்டிக்கொண்டு வரும்போது தகரக்கடையே நடந்து வருவதுபோலச் சத்தம் கேட்கும். அதன் பின்பக்க மட்கார்டில் ஒரு பச்சைக்கிளி வரைந்திருந்தார். ஓயாமல் பேசுகிறவள் என்பதால் அந்தக் கிளி நான்தான் என்று சொல்வார். அந்தக் கிளிக்கு வால் சிவப்பு, ஒரு கண் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்கு அது தெரியும்.

அவர் வந்த அன்று அம்மா ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தாள். அத்தா சேலையூர் கல்யாண வீட்டில் இன்னும் கொஞ்சம் தவணை கேட்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். நடந்ததை மாமுவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"இதுக்கா அழுவுற? ஒரு பேஜாரும் இல்ல பாப்பா. போன கோட்டத் திரும்ப வரைஞ்சா போச்சு. மாமு எதுக்கு கீறேன்?"

பக்கத்துத் தெருவுக்கு ஆபீசர்கள் வந்துவிட்டதாக அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனாள். மாமு அவசரப்பட்டார். வாய்க்கால் சேற்றை அள்ளிவந்து, அதில் டீ டிகாஷனையும் கொஞ்சம் காவியையும் குழைத்தார். "எவ்ளோ உசரம் நின்னுச்சு தண்ணி?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன்பே, "உங்கம்மா அன்னிக்கே போன்ல சொன்னா, உன் கழுத்தளவுன்னு" என்றார். என்னைக் கடைச் சுவரோடு சேர்த்து நிற்கவைத்தார். என் கழுத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு குறி வைத்தார்.

அங்கே அது கழுத்தளவு இல்லை என்று எனக்குத் தெரியும். முக்காலி போட்டு ஏறித் தேய்த்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? வாயைத் திறந்தேன். "ஆடாத" என்றார் மாமு. அதற்கப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை. நான் வாயைத் திறந்தாலோ கையை நீட்டினாலோ ஏதாவது கெட்டுப்போகிறது, சும்மா இருப்பதே நல்லது என்று அந்த இரண்டு நாளில் எனக்குள் ஒரு தீர்மானம் ஆகியிருந்தது. மாமு என்னைப் படியேற்றிக் கூடத்துச் சுவரிலும் நிற்கவைத்துக் கழுத்துக்கு நேராக இன்னொரு குறி வைத்தார். பிறகு வரையத் தொடங்கினார். நைந்த பிரஷ்ஷால் அடிப்பக்கம் அழுத்தமாகவும் மேலே போகப்போக மங்கலாகவும் இழுத்தார். நடுநடுவே காய்ந்த இலையையும் ஒரு பிளாஸ்டிக் துண்டையும் ஒட்டினார். உண்மையான வெள்ளம்கூட அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்திருக்காது. விசிறியைப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள்.

முன்னால் வந்தது ஆர்.ஐ. மேடம், தாசில்தார் ஆபீஸ்காரர். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, ஒரு கையில் நீளமான கறுப்புக் குடையும் மறு கையில் செருப்புமாக வந்தார். பின்னால் பஞ்சாயத்து கிளார்க், பெரிய நோட்டோடு. அவர்களுக்கும் பின்னால், பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடிவந்த மூச்சிரைப்போடு அத்தா. கடைக்குள் நுழைந்த அத்தா சுவரைப் பார்த்தார். காலையில் வெள்ளையாக விட்டுவிட்டுப் போன சுவரில் கோடு முளைத்திருந்தது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மாமு அத்தாவுக்குக் கண்ணைக் காட்டினார், அத்தா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மேடம் பொறுமையாகத்தான் இருந்தார். என்ன சரக்கு இருந்தது, எங்கே வாங்கியது என்று கேட்டார். அத்தா சொன்னார், கிளார்க் எழுதினார். மேடம் கோட்டுக்குப் பக்கத்தில் குடையைத் தரையில் ஊன்றி நிறுத்திப் பார்த்தார். கோடு குடையின் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே வந்தது. பிறகு "வீட்டையும் பாத்துடறேன்" என்று இரண்டு படி ஏறிக் கூடத்துக்குப் போனார். அங்கேயும் குடையை ஊன்றினார். அங்கேயும் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே. திரும்பி வந்து படியைப் பார்த்தார். மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார்.

"என்ன சார், தண்ணியும் உங்க பின்னாடியே படி ஏறி வந்துச்சா?" என்று கேட்டார் மேடம். கோட்டின்மேல் விரலை வைத்தார், விரல் ஈரமாக வந்தது.

கிளார்க் எழுதுவதை நிறுத்தினார். கையும் களவுமாகப் பிடிபடுவது என்பது அதுதான். கடையில் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தா ஏதோ சொல்ல வருவதற்குள் மாமு முன்னால் வந்தார்.

"நான்தான் மேடம் போட்டது. மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு இப்பத்தான் வராரு."

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். "கோடு பொய்ங்க மேடம். தண்ணி வந்தது நெஜம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் குரல் உடைந்ததை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மூலையிலிருந்த முக்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டு ஏறினேன். "இங்க இருந்துச்சு, நான்தான் அழிச்சேன், பெருநாளைக்கு" என்று சொல்லிச் சுவரில் கையை வைத்தேன். மாமுவின் கோட்டைவிட ரொம்பவே மேலே. ஏமாற்றுகிற அவசரத்தில் அவர் எங்கள் வெள்ளத்தைக் குறைத்து வரைந்திருந்தார். மேடம் என் கை இருந்த இடத்தைக் குடையால் அளந்துகொண்டார். நான் இறங்கிப் படியேறி ஓடிக் கூடத்துச் சுவரில் கழுத்துக்கு நேராகக் கையை வைத்தேன். அங்கேயும் அளந்தார். கடைசியாக இரண்டு படிகளின் உயரத்தை அளந்தார். குடையில் கட்டைவிரலால் பிடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, "சரியா வருது" என்றார், தனக்குத்தானே பேசுகிறமாதிரி.

என் பக்கம் திரும்பி என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். தோல் உரிந்த இடங்கள் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தன. தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அத்தாவிடம் சொன்னார். "நான் நம்புறேன் சார். ஆனா நான் நம்பினத எழுத முடியாது. பாத்ததத்தான் எழுதணும்." கிளார்க்கிடம் மெதுவாக எதையோ சொன்னார். அவர் எழுதினார். அத்தா நோட்டில் கையெழுத்துப் போட்டார். போகும்போது மேடம் வாசலில் நின்று, செருப்பைப் போட்டுக்கொண்டு, மறுபடி ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் சொன்னதில் "நான் நம்புறேன்" என்பது மட்டும்தான் என் காதில் நின்றது. ஆபீசரே நம்பிவிட்டார், பிறகு என்ன? மாமு மட்டும் கோட்டின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா ரேஷன் கடையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு, தம்பியை ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாப்பாடு போட்டாள். அவர் சாப்பிடவில்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய், அவர் போட்ட கோட்டை அவரே துடைத்தார்.

வீட்டுக்கான நிவாரணம் ரேஷன் கார்டுக்கு வந்தது. தெரு முழுக்க எல்லாருக்கும் வந்தது. கடைக்கானது வரவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தாவின் முகத்தைப் பார்ப்பேன். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மெஷினைப் பார்க்க ஒரு ஆள் வந்து போனான். மழை மறுபடி தூறத் தொடங்கியதும் அம்மா கூடத்துப் பரணிலிருந்து பெரிய பையை இறக்கி என் துணிகளை மடித்து வைத்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் அவற்றை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் பைக்குள் இருக்கும். நாலைந்து நாள் இப்படியே போனது.

அப்புறம் ஒரு சாயங்காலம் வந்து பார்க்கிறேன், கடை வாசலில் பஞ்சு மூட்டைகள். மெஷின் ஓடுகிற சத்தம். அத்தாவின் தலை, புருவம், மீசையெல்லாம் வெள்ளைப் பஞ்சு. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"வந்துருச்சும்மா. கடைக்கும் குடுத்துட்டாங்க. நீ கை வெச்சுக் காட்டினியே, அதுக்குத்தான் குடுத்தாங்க."

நான் பஞ்சு மூட்டைமேல் விழுந்து புரண்டேன். இத்தனை நாள் என் கையைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. அன்றைக்கு அதை நானே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். கல்யாண வீட்டுக்கு மெத்தைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பை பரணுக்குத் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். முக்கியமாக மாமு வரும்போதெல்லாம் சொன்னேன். "உங்க கோட்டுக்கு ஒண்ணும் குடுக்கல, என் கைக்குத்தான் குடுத்தாங்க" என்று அவர் முகத்துக்கு நேராகக் கையை விரித்துக் காட்டுவேன். "கரெக்டு பாப்பா, உன் கை ராசியான கை. மாமுவோட கை வேஸ்ட்டு" என்று அவரும் சிரிப்பார். விருந்தாளிகள் இருந்தால் அவரே எடுத்துக் கொடுத்து என்னைச் சொல்லவைப்பார்.

அப்போதெல்லாம் அவர் பஸ்ஸில்தான் வந்தார். பெயிண்ட் டப்பாக்களை ஒரு சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வருவார். வண்டி எங்கே என்று கேட்டால் சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொல்வார். ஒரு வண்டிக்கு எத்தனை மாதம் சர்வீஸ் செய்வார்கள் என்று நான் கேட்டதற்கு அம்மா என்னை அதட்டினாள். இதில் அதட்ட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நான் கல்லூரி முடிக்கும் சமயம், ஏதோ சான்றிதழுக்காக ரேஷன் கார்டு உறையைக் குடைந்தபோது, நாலாக மடித்த ஒரு காகிதம் கிடைத்தது. கடைக்கு நிவாரணம் கேட்ட விண்ணப்பத்துக்கு வந்த பதில். நேரில் ஆய்வு செய்தபோது சுவரில் இருந்த அடையாளம் செயற்கையாக ஏற்படுத்தப்பட்டது எனக் கண்டறியப்பட்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. மேடம் பார்த்ததைத்தான் எழுதியிருந்தார். அம்மாவிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி மறுபடி நாலாக மடித்தாள். "உன் மாமு வண்டியை வித்துக் கொடுத்தான், மிச்சத்துக்கு அவனுக்கு வேலை குடுக்குற முதலாளிகிட்ட கடனுக்குக் கை நீட்டினான். தன்னாலதான் நிவாரணம் போச்சுன்னு அவனுக்கு உறுத்தல். உன்னாலன்னு நீ நினைச்சிட்டிருந்த. பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு அவன்தான் கேட்டுக்கிட்டான்" என்றாள். நான் அன்றைக்கு மாமுவுக்குப் போன் செய்தேன். அவர் எடுத்ததும், சாப்பிட்டீங்களா மாமு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. அந்த வெள்ளத்துக்கு அடுத்த கோடையில் ஒருநாள் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் கேன் போடுகிற ஒரு ஆள் மொபெட்டில் எங்களைக் கடந்து போனான். பின்பக்க மட்கார்டில் பச்சைக்கிளி. சிவப்பு வால், ஒரு கண் மட்டும் கொஞ்சம் பெரிசு. அம்மா அதைப் பார்த்தாள், உடனே என்னை இழுத்து வேறு பக்கம் திருப்பினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த தடவை மாமு வந்ததும் சண்டைக்குப் போனேன்.

"என் கிளிய எதுக்கு ஊரான் வண்டிக்கெல்லாம் வரைஞ்சு குடுத்தீங்க?"

மாமு சாக்கைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆளு ரொம்பக் கெஞ்சுனான் பாப்பா. தப்புத்தான். இனிமே யாருக்கும் குடுக்கமாட்டேன்" என்றார்.

அது போதவில்லை எனக்கு. இரண்டு நாள் நான் மாமுவோடு பேசவில்லை.